விலை வைக்கப்படாத கண்டுபிடிப்பு

திண்டுக்கல் பேகம்பூரில் வளர்ந்தவர்களுக்குத் தோலின் வாசனை புதிதன்று. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கம் செய்யப்பட்ட பெரிய பள்ளிவாசலால் எங்கள் பகுதிக்கு இப்பெயர் வந்தது என்பர். பெயரைத் தந்தது பள்ளிவாசல் என்றால், பலருக்குச் சோறு தந்தது தோல் பதனிடும் தொழில். உப்பிட்டு அடுக்கிவைத்த மாட்டுத் தோல்களைக் கடந்துதான் நான் பள்ளிக்குச் சென்று வந்தேன். அதனால்தானோ என்னவோ, பின்னாளில் படித்த ஒரு செய்தி என் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது. லண்டனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் ஒரு பசுவின் தோல் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பசுவின் பெயர் பிளாசம். என் இடது தோளில் வட்டமாக இருக்கும் தழும்புக்கும் அந்தத் தோலுக்கும் உறவு உண்டு. அந்த உறவை உண்டாக்கியவர் எட்வர்ட் ஜென்னர்.

நான் மருத்துவன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் பொதுப் பண்டம் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டி வந்த போதெல்லாம் ஜென்னரின் வாழ்க்கையைத்தான் எடுத்துச் சொன்னேன். அதைச் சொல்லும்போது, வகுப்பில் ஒருபோதும் குறிப்பிடாத என் அத்தையின் முகமும் நினைவுக்கு வரும். அப்பாவின் அக்காவான அவருக்குச் சிறுமியாக இருந்தபோது பெரியம்மை கண்டது. உயிர் தப்பியது, ஒரு கண் போயிற்று. முகம் முழுவதும் குழிகள். பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. கடைசி வரை அவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் இறந்தனர். பிழைத்தவர்களில் பலர் என் அத்தையைப் போல வாழ்ந்தனர்.

ஜென்னர் 1749-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பெர்க்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பாதிரியார். ஐந்து வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்து, மூத்த உடன்பிறந்தவர்களின் அரவணைப்பில் வளர்ந்தார். எட்டு வயதில் அவருக்கு அம்மை குத்தப்பட்டது. அது நாம் அறிந்த தடுப்பூசி அன்று. பெரியம்மை நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழையே நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைக்கும் பழைய முறை அது. இந்தியாவின் பல பகுதிகளிலும் சீனத்திலும் துருக்கியிலும் அது முன்பே வழக்கில் இருந்தது. நோய் மிதமாக வந்து போகும். பின்னர் வாழ்நாள் முழுவதும் வராது. ஆனால், அம்முறைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ அதனாலேயே இறந்தனர். மேலும், அவர்களிடமிருந்து உண்மையான பெரியம்மை ஊரில் பரவவும் கூடும். குத்துவதற்கு முன் சிறுவன் ஜென்னரைப் பட்டினி போட்டனர், இரத்தம் வெளியேற்றினர், அம்மை குத்திய மற்றவர்களுடன் ஒரு தொழுவத்தில் அடைத்து வைத்தனர். அந்த நாள்களின் துன்பம் அவர் உடலில் நெடுங்காலம் இருந்தது.

பதின்ம வயதின் தொடக்கத்தில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். இருபத்தொரு வயதில் லண்டன் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரிடம் பயின்றார். வெறும் ஊகத்தோடு நின்றுவிடாமல் செய்து பார்த்து அறிய வேண்டும் என்னும் பழக்கத்தை ஹண்டர்தான் அவருக்கு ஊட்டினார். கேப்டன் குக்கின் முதல் கடற்பயணத்தில் சேகரித்த உயிரினங்களை வகைப்படுத்தும் பணியில் ஜென்னர் உதவினார். அடுத்த பயணத்துக்கு அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டு, பெர்க்லிக்கே திரும்பி நாட்டுப்புற மருத்துவராக அமர்ந்தார். குயில் குஞ்சு தன்னை வளர்க்கும் பறவையின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவதைக் கண்டறிந்து எழுதியதற்காகவே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அப்போது பெரியம்மை ஆய்வில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலிருந்து கைகளில் கொப்புளங்கள் தொற்றும். சில நாள்களில் ஆறிவிடும். இதற்குப் பசு அம்மை என்று பெயர். அது வந்தவர்களுக்குப் பெரியம்மை வராது என்பது அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் அறிந்த செய்தி. ஒரு பால்காரப் பெண் சொல்லித்தான் ஜென்னருக்கு இது தெரியவந்தது என்னும் கதை பிற்காலத்தில் புனைந்து சேர்த்தது என்பது வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1774-இல், பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர் தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் பசு அம்மையைக் குத்தியிருந்தார். எனவே, ஜென்னர் எதையும் வெறுமையிலிருந்து படைக்கவில்லை. ஊர் வாய்மொழியாக அறிந்திருந்ததை உலகம் ஏற்கும் சான்றாக மாற்றியதே அவர் செய்த பணி.

1796-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கையில் இருந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் கீறி வைத்தார். சாராவுக்கு நோயைத் தந்த பசுதான் பிளாசம். சிறுவனுக்கு லேசான காய்ச்சல் வந்து நீங்கியது. ஜூலை முதல் நாள், அதே சிறுவனுக்கு உண்மையான பெரியம்மைச் சீழை வைத்தார். நோய் வரவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஓர் ஏழைச் சிறுவனின் உடலில் கொடிய நோயின் சீழை வைத்துச் சோதித்ததை இன்றைய எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. பெரியம்மைச் சீழைக் குத்துவது அன்று நடைமுறையில் இருந்தது என்பது விளக்கமே தவிர, முழுச் சமாதானம் ஆகாது. 1798-இல் அவர் மருந்து வைத்த ஜான் பேக்கர் என்னும் ஐந்து வயதுச் சிறுவன், சோதனை முடியும் முன்னரே ஏழைகள் விடுதியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். மனித குலம் பெற்ற நன்மையின் கணக்கில், பெயர் மறந்துபோன இத்தகைய ஏழைப் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது.

ஃபிப்ஸின் உடலுக்குள் நடந்தது என்ன என்று ஜென்னருக்குத் தெரியாது. வைரஸ் என்னும் தீநுண்மியை அறிவியல் அடையாளம் காண மேலும் நூறாண்டுகள் ஆயின. தீநுண்மி தானாக வளர்வதில்லை. உயிருள்ள ஓர் அணுவுக்குள் புகுந்து, அதன் உழைப்பைக் கொண்டே தன்னைப் போலப் பல நூறு படிகளை உண்டாக்கி, அந்த அணுவைச் சிதைத்து வெளியேறி, அடுத்த அணுக்களைத் தாக்கும். பெரியம்மைத் தீநுண்மி பெரும்பாலும் நோயாளியின் மூச்சிலும் எச்சில் துளிகளிலும் கலந்து, அருகில் இருப்பவரின் மூக்கு, தொண்டை வழியே உள்ளே செல்லும். நோயாளியின் துணியும் படுக்கையும்கூட அதைக் கடத்தும். ஏறத்தாழ பன்னிரண்டு நாள்கள் எந்த அறிகுறியும் இராது. பிறகு கடுங்காய்ச்சல், அதன்பின் கொப்புளங்கள்.

உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்டுவதற்குள் நோய் முந்திக்கொள்வதுதான் ஆபத்து. பசு அம்மைத் தீநுண்மி பெரியம்மைத் தீநுண்மிக்கு நெருங்கிய உறவு, ஆனால் சாது. அதனுடன் ஒருமுறை போரிட்ட உடல், அந்தச் சாயலை நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னர் கொடியது வரும்போது, நாள்கணக்கில் தயங்காமல் உடனே எதிர்க்கிறது. தடுப்பூசி என்பது உடலுக்கு முன்கூட்டியே தரும் இந்த நினைவுதான். நோயாளியுடன் பழகி மூன்று, நான்கு நாள்களுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூடப் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டதற்கு, அந்தப் பன்னிரண்டு நாள் அவகாசமே காரணம்.

ஒரே ஒரு சிறுவனின் சான்று போதாது என்று ராயல் சொசைட்டி அவரது கட்டுரையை ஏற்கவில்லை. அவர் மேலும் சான்றுகளைச் சேர்த்து, 1798-இல் தம் செலவில் நூலாக வெளியிட்டார். பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லான வாக்கா என்பதிலிருந்தே வாக்சின் என்னும் சொல் பிறந்தது. எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஊசி குத்திக்கொண்டவர்களின் உடலிலிருந்து பசுக்கள் முளைப்பதாக 1802-இல் லண்டனில் கேலிச்சித்திரம் வெளியானது. இன்று கைப்பேசியில் உலவும் வதந்திகளுக்கு மூதாதை அந்தச் சித்திரம்.

என்னைப் போன்ற பொருளாதாரக்காரனுக்கு இந்த வாழ்க்கையில் முக்கியமான கட்டம் இதற்குப் பின்புதான் வருகிறது. ஜென்னர் தம் முறையை இரகசியமாக வைத்திருக்கலாம். செல்வந்தர்களுக்கு மட்டும் குத்திப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். பழைய முறையில் அம்மை குத்தியவர்கள் அப்படித்தான் ஈட்டினர். அவரோ முறையை நூலில் விளக்கினார். கேட்டவர்க்கெல்லாம் மருந்தை அனுப்பினார். தம் தோட்டத்தில் இருந்த சிறு குடிலில் ஏழைகளுக்கு இலவசமாகக் குத்தினார். கடிதங்களிலும் பயணங்களிலும் மருத்துவத் தொழில் நலிந்தது. 1802-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவருக்கு 20,000 பவுண்டு அளிக்க வேண்டும் என்ற திருத்தம் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தோற்று, 10,000 பவுண்டு வழங்கப்பட்டது. 1807-இல் மேலும் 20,000 பவுண்டு தந்தனர். ஒருவர் அறிந்துகொண்டால் மற்றவர்க்குக் குறைந்து போகாத அறிவை யாரும் விலை வைத்துப் பூட்டக் கூடாது. அதைத் தந்தவருக்குச் சமூகம் பொதுப்பணத்திலிருந்து கைம்மாறு செய்ய வேண்டும். பாடநூல்கள் பிற்காலத்தில் வகுத்த இந்தக் கொள்கையை அவரது வாழ்க்கை முன்பே காட்டிவிட்டது.

மருந்து இந்தியாவுக்கு வந்த கதையும் இத்தகையதே. கப்பலில் அனுப்பிய அம்மைப்பால் வழியிலேயே வீரியம் இழந்தது. எனவே, ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து அடுத்தவர் கைக்கு என்று, பாக்தாத், பஸ்ரா வழியாக மனிதச் சங்கிலியாகவே அது கொண்டுவரப்பட்டது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியது பலித்தது. அந்தப் பிஞ்சுக் கையிலிருந்து புறப்பட்ட அம்மைப்பால்தான் சென்னை உள்ளிட்ட பிற இடங்களுக்குப் பரவியது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிதி திரட்டி 7,000 பவுண்டுக்கு மேல் ஜென்னருக்கு அனுப்பினர்.

இறுதிக் காலத்தில் அவருக்கு வாய்த்தது துயரமே. மூத்த மகன் 1810-இலும் மனைவி 1815-இலும் காசநோய்க்குப் பலியாயினர். ஒரு நோயை வெல்ல வழி கண்டவர், வீட்டுக்குள் வந்த இன்னொரு நோயின் முன் கையற்று நின்றார். அதன்பின் பெரும்பாலும் பெர்க்லியிலேயே தங்கி ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார். ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு வாடகையின்றி ஒரு வீடு அளித்தார். 1823-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் ஃபிப்ஸும் இருந்தார்.

அவர் சொன்னவை எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருமுறை குத்தினால் வாழ்நாள் முழுதும் காக்கும் என்று நம்பினார். ஆண்டுகள் கழித்து மீண்டும் குத்த வேண்டியிருக்கும் என்பது பின்னரே தெரிந்தது. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறையில் வேறு நோய்களும் தொற்றின. அதனால் கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை வந்தது. நம் மாகாணத்துக்கான அம்மைப்பால் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் இவ்வாறே தயாரானது. பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு முன்சென்றது என்பதே அந்த அறிவியலின் வலிமை.

அந்த அம்மைப்பால் 1960-களின் நடுவில் பேகம்பூரில் எங்கள் தெருவுக்கும் வந்தது. அம்மை குத்துபவர் வருகிறார் என்று தெரிந்ததும் அப்பத்தா எங்கள் நால்வரையும் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவரை அறியாமை மிக்கவர் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். இரண்டு பிள்ளைகளை அம்மைக்குப் பறிகொடுத்து, மூன்றாமவளை ஒரு கண்ணோடு மீட்டவர் அவர். கோட்டை மாரியம்மனுக்குச் சினம் உண்டாக்கும் எதையும் செய்ய அவர் துணியவில்லை. அது அச்சம்; அதற்குக் காரணமும் இருந்தது. அத்தைதான் சத்தமின்றிக் கதவைத் திறந்து எங்களைத் திண்ணைக்கு அழைத்துச் சென்றார்.

நாங்கள் அழுதோம். அத்தை முதலில் தம் கையை நீட்டினார். வந்தவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்குத் தேவையில்லை என்றார். உண்மைதான், பெரியம்மை வந்து பிழைத்தவர்க்கு அது மீண்டும் வருவது மிக அரிது. அத்தை கையை மடக்கவில்லை. வட்டமான முனை கொண்ட அந்தக் கருவியை அவர் தோலில் வைத்துத் திருகினார்கள். அத்தை சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். அதன்பின் நாங்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினோம்.

1967-இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிப்பைத் தீவிரப்படுத்தியது. ஊர் முழுவதற்கும் குத்துவதோடு நில்லாமல், நோயாளி இருக்கும் இடத்தைத் தேடிச் சென்று அவரைத் தனிமைப்படுத்தி, சுற்றியிருப்போர் அனைவருக்கும் குத்தி வேலி அமைக்கும் உத்தி கைகொடுத்தது. 1974-இல் வட மாநிலங்களிலும் கிழக்கு மாநிலங்களிலும் மூண்ட பெருந்தொற்றில் இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேர் பாதிக்கப்பட்டனர்; 31,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு மே மாதத்துடன் இந்நாட்டில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8-ஆம் நாள் உலகமே அதனிடமிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் அது கொன்றவர்கள் 30 கோடி பேர் என்பது மதிப்பீடு. அதை ஒழித்த இறுதித் திட்டத்துக்கு உலகம் செலவிட்டது ஏறத்தாழ 30 கோடி டாலர். என் வாழ்நாளில் இவ்வளவு மலிவான பெருமுதலீடு வேறொன்றை நான் கண்டதில்லை.

எல்லாத் தீநுண்மிகளையும் இப்படி ஒழித்துவிட முடியாது. பெரியம்மைக்கு விலங்குகளில் புகலிடம் இல்லை. நோயாளியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். மற்றவை வரும் வழிகள் வேறு. தட்டம்மையும் கொரோனாவும் காற்றில் வருகின்றன. டெங்கு, நாம் மூடாமல் விட்ட குடத்திலும் தொட்டியிலும் வளரும் கொசுவால் வருகிறது. மஞ்சள் காமாலையில் ஒரு வகை குடிநீராலும் இன்னொரு வகை இரத்தத்தாலும் வருகிறது. வெறிநாய்க்கடி நோய் எச்சிலால் வருகிறது. வழி அறிந்து அடைப்பதே தடுப்பு. நீரைக் காய்ச்சுவதும், குடத்தை மூடுவதும், இருமும்போது முகத்தை மறைப்பதும், நாய் கடித்தவுடன் சோப்பால் நெடுநேரம் கழுவித் தாமதமின்றி ஊசி போட்டுக்கொள்வதும் அந்த அடைப்புகளே.

இவற்றுள் தடுப்பூசிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நான் போட்டுக்கொள்ளும் ஊசியின் பயன் என்னோடு நிற்பதில்லை. தட்டம்மை கண்ட குழந்தை ஓர் அறையை விட்டுச் சென்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் தீநுண்மி இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அது ஊரில் பரவாமல் நிற்கும். அந்தத் தொண்ணூற்றைந்து பேர், ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கும் சேர்த்து வேலியாக நிற்கிறார்கள். மற்றவர்கள் போட்டுக்கொள்ளட்டும், நாம் தப்பித்துக்கொள்வோம் என்று ஒவ்வொருவரும் கணக்கிட்டால் வேலியே இருக்காது.

இதை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த நானே 2021-இல் தயங்கினேன். கொரோனா தடுப்பூசியைப் பற்றிக் கைப்பேசியில் வந்த செய்திகளைப் படித்துவிட்டு, இன்னும் சில நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி ஒருநாள், ஐயா போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் தாமும் பொறுத்துப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனார். அவர் வீட்டில் சர்க்கரை நோயுள்ள கணவரும் வயதான மாமியாரும் இருந்தனர். என் தயக்கத்துக்குள் மூன்று உயிர்கள் இருந்தன என்பது அன்றிரவுதான் உறைத்தது. மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றேன். அடுத்த வாரம் அவர் தம் குடும்பத்தினரை அழைத்துச் சென்றார்.

தயங்குபவர்களை ஏசுவதால் பயனில்லை. அப்பத்தாவை யார் ஏசியிருந்தாலும் அந்தப் பின்கட்டுக் கதவு திறந்திருக்காது. ஜென்னர் தம் கண்டுபிடிப்புக்கு விலை வைக்கவில்லை. அதை எங்கள் தெரு வரை கொண்டுவந்து சேர்த்தவர்களோ, பெயர் தெரியாத அம்மை குத்துபவர்களும், தேவையில்லாத ஊசிக்கு முதலில் கை நீட்டிய என் அத்தையைப் போன்றவர்களும்தாம். தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒருமுறையும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் மறுமுறையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் தெருவில் அதைத் தள்ளிப்போட்ட இளம் தாய் யாரேனும் இருந்தால், அறிவுரையோடு நில்லாமல் அவருடன் சுகாதார நிலையம் வரை நடந்து செல்லுங்கள்.